பதினேழாம் கழி

கப்பலை விட்டு இறங்கியதும் கேப் டவுன் என்னிடம் சொன்னது
வாளி வைத்துக் குளி என்று.
துறைமுகக் கழிவறைக் குழாய்களில்
மஞ்சள் நாடா சுற்றியிருந்தார்கள்.
எழுபத்தோரு நாள் பனிமேல் இருந்து வந்தவள்
உப்புப் பூத்த பூட்ஸோடு நின்று
கையில் ஜெல் தேய்த்துக்கொண்டேன்.

அப்சர்வேட்டரியில் வாடகை அறை.
மேசைமேல் ஈரத்தில் உப்பிய குறிப்பேடு.
இருபத்துநான்கு மூங்கில் கழிகள்,
பனியாறு கடலைத் தொடும் சரிவில்
மூன்று வருடம் முன்பு
நானும் தெம்பேகாவும் நட்டவை.
ஒவ்வொன்றும் இரண்டு மீட்டர்.
ஒன்று அறுபது உள்ளே, மீதி வெளியே.
துளைக்குள் கழி அசையாது,
பனிதான் இறங்கும்.
அதனால் நாங்கள் திரும்பிப் போகும்போது
கழிகள் வளர்ந்திருக்கும்,
விடுமுறை முடிந்து வகுப்புக்கு வரும் பையன்களைப் போல.

கணக்கு சுலபம்.
இன்று தெரிவதிலிருந்து
அன்று தெரிந்ததைக் கழி.
சாட்ஸ்வர்த்தில் சனிக்கிழமை வகுப்பில்
அரைகுறையாய்த் தமிழ் படித்தவள் நான்.
கம்புக்கும் கழித்தலுக்கும் ஒரே சொல் என்று
விரல் விறைத்து நின்ற இடத்தில்தான் உறைத்தது.

நான்காம் கழி, நாற்பத்திரண்டு சென்டிமீட்டர்.
ஒன்பதாவது, அறுபத்தொன்று.
பன்னிரண்டில் எண்பத்தெட்டு.
தெம்பேகா இரண்டு முறை டேப் பிடித்தாள்,
மூன்றாம் முறை நான்.
எண்பத்தெட்டுதான்.

பதினேழாவது நிற்கவில்லை.
ஜி.பி.எஸ். காட்டிய இடத்தில்
நீலமாய் ஒரு குட்டை,
ஓரத்தில் படுத்துக் கிடந்தது
சிவப்பு நாடா கட்டிய எங்கள் மூங்கில்.
அதைப் பிடித்திருந்த துளை முழுதும் போய்விட்டது.
ஒன்று அறுபதுக்கு மேல் கரைந்திருக்கிறது.
எவ்வளவு மேல்?
விழுந்த கழி அதைச் சொல்லாது.

எண் கேட்கும் கட்டத்தில் சொல் நுழையாது.
வெற்றாக விட்டேன்.
நிரல் இருபத்துமூன்றைக் கூட்டி
இருபத்துமூன்றால் வகுத்து
வழவழப்பாய் ஒரு சராசரி தந்தது,
எழுபத்துமூன்று.
எது அதிகம் இழந்ததோ அதை விட்டுவிட்டு.

சாயங்காலம் நியூலேண்ட்ஸ் ஊற்று.
ஆளுக்கு இருபத்தைந்து லிட்டர்.
குழாயடியில் ஒரு இளைஞன்
கையில் சொடுக்கி எண்ணும் கருவியோடு,
தலைக்கு ஒரு சொடுக்கு.
எனக்கு முன்னால் வீட்டுச் செருப்போடு ஒருத்தி,
கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன.
நாற்பது நிமிடம் நின்றாள்.
காலி கேனை ஒருமுறை குலுக்கிப் பார்த்தாள்,
உள்ளே ஏதோ இருப்பது போல.
பிறகு சாலையைக் கடந்து போய்விட்டாள்.
வரிசை ஒரு அடி முன்னால் நகர்ந்தது,
நானும் நகர்ந்தேன்.
என் முறை வந்தபோது சொடுக்கு விழுந்தது.
அவளுக்கு விழவில்லை.

இரவு, வாளியோடு குளியலறையில் உட்கார்ந்து
வேண்டாத கணக்கு ஒன்று போட்டேன்.
பதினேழாம் கழி நின்ற இடத்தில்
ஒரே ஒரு சதுர மீட்டர்,
ஒன்று அறுபது ஆழம், பத்துக்கு ஒன்பது பங்கு நீர்.
ஆயிரத்து நானூற்று நாற்பது லிட்டர்.
நாளுக்கு ஐம்பது என்று நகராட்சி அளக்கும் எனக்கு
இருபத்தெட்டு நாள் வரும், கொஞ்சம் மிஞ்சும்.
வாளியில் சோப்பு நுரை.
அதைக் கழிப்பறைக்கு எடுத்து வைத்தேன்.

காலையில் அந்தக் கட்டத்தில்
ஒன்று அறுபது என்று போட்டு
பக்கத்தில் 'குறைந்தது' என்று எழுதினேன்.
டாக்டர் லாப்ஷர் தொலைபேசியில் வந்தார்.
மிஸ் மூட்லி, இது அளவு இல்லையே.
இல்லை டாக்டர், எல்லை.
அந்தப் பக்கம் பேனா மேசையில் தட்டும் சத்தம்.
சரி, அடிக்குறிப்பாகப் போடுங்கள் என்றார்.
சராசரி எழுபத்தாறு புள்ளி ஆறாயிற்று,
அதுவும் குறைந்தது.

வியாழக்கிழமை மறுபடி ஊற்றுக்குப் போனேன்.
காலி கேன் ஒன்று கூடுதலாக.
ஆளுக்கு ஒன்றுதான் என்றான் இளைஞன்.
தெரியும் என்றேன்.
வீட்டுச் செருப்புகளைப் பார்த்தபடி
வரிசையின் வால்வரை நடந்தேன்.